முத்திரைக்கு முத்திரை குத்துவது யார்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் மருத்துவமனை விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. புதுவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய மருத்துவமனைகள் நம் மாவட்டத்து நோயாளிகளைக் கைநீட்டி அழைக்கின்றன. வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர்களின் படங்களுக்குக் கீழே, ஒரு மூலையில், தேசியத் தரச்சான்று பெற்றதற்கான முத்திரை இருக்கும். சான்று தந்தவர் யார், அவருடைய தகுதியைச் சோதித்தவர் யார் என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வருகிறது: 'சான்றளிக்கும் அமைப்பே பன்னாட்டு அங்கீகாரம் பெற்றதுதானே!' உரையாடலை முடித்துவைக்க இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. அவ்வாறு முடித்துவைக்கக் கூடாது என்பதே நம் கட்சி.

முதலில் ஒரு தராசைப் பார்ப்போம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஊரார் 'கமிட்டி' என்று அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் உள்ளன. மல்லாட்டை மூட்டையுடன் வரும் விவசாயி அங்குள்ள தராசை நம்பித்தான் தன் விளைச்சலை இறக்குகிறார். அந்தத் தராசில் முத்திரை ஆய்வாளரின் முத்திரை இருக்கும். ஆய்வாளர் கொண்டுவரும் எடைக்கல் அதனினும் துல்லியமான வேறொரு கல்லோடு ஒப்பிடப்பட்டது. அதுவும் இன்னொன்றோடு ஒப்பிடப்பட்டது. இப்படியே ஏறிப்போனால் புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலுள்ள 57ஆம் எண் கிலோகிராம் உருளை வரும். அதற்கும் மேலே, பாரிஸை அடுத்த செவ்ரேயில் இருந்த மூல உருளை. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கும் ஓய்வு கொடுத்தாயிற்று. பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் எண்ணே கிலோகிராமை வரையறுக்கிறது. ஆக, கமிட்டித் தராசின் ஏணி மேலே போய்ச் சாய்ந்திருப்பது எந்த மனிதரின் தோளிலும் இல்லை.

மருத்துவமனைத் தரத்தின் ஏணியும் பார்வைக்கு இதே போன்றதுதான். இந்திய அரசும் அசோசெம், சி.ஐ.ஐ., ஃபிக்கி ஆகிய தொழில் கூட்டமைப்புகளும் சேர்ந்து 1997இல் இந்தியத் தரக் கவுன்சிலை நிறுவின. அதன் கீழ் இயங்கும் வாரியம் என்.ஏ.பி.எச். தனியார் மருத்துவமனைகளின் முத்திரைகளில் பெரும்பாலானவை இதனுடையவை. அரசு மருத்துவமனைகளுக்கு என்.க்யூ.ஏ.எஸ். என்னும் தனித் தரநிலைகள் உண்டு. இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் ஆய்வகங்களுக்கு என்.ஏ.பி.எல். இருக்கிறது. இவையெல்லாம் முதல் படி.

இரண்டாம் படி, இந்த அமைப்புகளைச் சோதிக்கும் அமைப்பு. மருத்துவமனை மதிப்பீட்டைப் பொறுத்தவரை அது 'இஸ்குவா' என்று சுருக்கி அழைக்கப்படும் பன்னாட்டுச் சங்கம். 1985இல் இத்தாலியில் தொடங்கி, ஆஸ்திரேலியா வழியாக, இன்று அயர்லாந்தின் டப்ளினிலிருந்து இயங்குகிறது. 1999 முதல் சான்றளிப்போருக்குச் சான்றளித்து வருகிறது. 2018க்குப் பின் இப்பணியை அதன் துணை அமைப்பொன்று மேற்கொள்கிறது. தரநிலை நூல், அமைப்பின் நிர்வாகம், மதிப்பீட்டாளர்களுக்கான பயிற்சி என்ற மூன்றுக்கும் தனித்தனியே சான்று உண்டு. என்.ஏ.பி.எச்.சின் தரநிலை நூல் 2008இல் இந்தச் சான்றைப் பெற்றது. உலகெங்கும் புகழ்பெற்ற அமெரிக்க ஜே.சி.ஐ.யும் அதற்கு முந்தைய ஆண்டில் இதே வாசலில் நின்று சான்று வாங்கியதுதான்.

சோதனை எப்படி நடக்கிறது? விண்ணப்பிக்கும் அமைப்பு முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டு எழுதித் தருகிறது. பிறகு மதிப்பீட்டாளர்கள் அதைப் படித்து, சந்தித்து, சரிபார்க்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் இதே தொழிலில் உள்ளவர்கள், வேறொரு நாட்டின் சான்றளிப்பு அமைப்பைச் சார்ந்தவர்கள். இவ்வாண்டு கனடா நாட்டவர் இந்தியரை மதிப்பிட்டால், மற்றோர் ஆண்டு இந்தியர் வேறொருவரை மதிப்பிடலாம். செலவு விண்ணப்பதாரரின் கட்டணம். சான்று சில ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு மறுபடியும் கட்டணம், மறுபடியும் சான்று.

இதில் மோசடி இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. சக வல்லுநர் மதிப்பிடுவது அறிவுலகில் நெடுங்காலமாக நிலைத்த முறை. அத்துறையின் நுணுக்கம் அறிந்தவர்தானே குறையையும் காண முடியும்? நாம் சொல்வது வேறு. எடைக்கல்லின் ஏணி இயற்கையில் போய் முடிகிறது. மதிப்பீட்டின் ஏணி ஒரு கருத்தரங்க மண்டபத்தில், ஒருவரையொருவர் அறிந்த நண்பர்களின் கைகுலுக்கலில் போய் முடிகிறது. உச்சியில் பிளாங்க் மாறிலி கிடையாது. இந்த வேறுபாட்டை மறைத்து, 'பன்னாட்டு அங்கீகாரம்' என்ற சொல்லை மாறிலி போலக் காட்டுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

*

இது வெறும் தத்துவச் சிக்கல் என்று நினைப்பவர்கள் மருத்துவக் கல்லூரிகளின் கதையைப் பார்க்கட்டும்.

விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவரும் பாம்பு கடித்தவரும் பிரசவ வலி கண்டவரும் வந்து சேரும் இடம் அது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களில் பலர் கொண்டுவரப்பட்டதும் இங்கேதான். அப்படி வருகிறவர் எவரும் வாசலில் நின்று முத்திரை பார்த்துவிட்டு உள்ளே நுழைவதில்லை. அவருக்காக அந்த வேலையை வேறொருவர் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

அந்த வேறொருவர் முன்பு இந்திய மருத்துவக் கவுன்சிலாக இருந்தார். 2010 ஏப்ரலில் அதன் தலைவரையே, ஒரு கல்லூரியின் அங்கீகாரத்தை ஒட்டிய இலஞ்சக் குற்றச்சாட்டில் சி.பி.ஐ. கைது செய்தது. அடுத்த மாதமே கவுன்சில் கலைக்கப்பட்டது. நெடிய குழப்பத்துக்குப் பின் 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. 2023 செப்டம்பரில் மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பு, ஆணையத்துக்கு 10 ஆண்டுகளுக்கான அங்கீகாரத்தை வழங்கியது. இந்தக் கூட்டமைப்பு கல்லூரிகளைச் சோதிப்பதில்லை. கல்லூரிகளைச் சோதிக்கும் அமைப்பை மட்டுமே சோதிக்கிறது. ஆணையம் தேறியதால் நாட்டிலிருந்த 706 கல்லூரிகளும் ஒரே நாளில் உலக அங்கீகாரத்தின் நிழலில் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. முண்டியம்பாக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

இரண்டாண்டுகூட ஆகவில்லை. 2025 சூன் இறுதியில் சி.பி.ஐ. ஒரு வழக்கைப் பதிவுசெய்தது. ஆய்வுக்கு வரும் நாளும் வருகிற மதிப்பீட்டாளர்களின் பெயர்களும் முன்கூட்டியே கல்லூரிகளுக்குக் கசியவிடப்பட்டன; இல்லாத பேராசிரியர்கள் இருப்பதாகக் காட்டப்பட்டார்கள்; படுக்கைகளை நிரப்ப நோயாளிகள் வேடத்தில் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள்; சாதகமான அறிக்கைக்குப் பணம் கைமாறியது — இவை குற்றச்சாட்டுகள். சுகாதார அமைச்சக அலுவலர்களும் ஆணையத்தின் மதிப்பீட்டாளர்களும் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இவை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியவை; தீர்ப்பெழுதும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. உலகக் கூட்டமைப்பு 2023இல் எதைப் பார்த்தது? விதிகளைப் பார்த்திருக்கும், படிவங்களைப் பார்த்திருக்கும், ஆணையத்தின் நடைமுறைகள் காகிதத்தில் ஒழுங்காக இருப்பதைப் பார்த்திருக்கும். வாடகைக்கு வந்த நோயாளியை டெல்லியில் உட்கார்ந்து எந்தப் படிவத்தில் காண முடியும்?

*

நம் இலக்கியத்துக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. திருக்குறளில் ஒற்றாடல் என்றொரு அதிகாரம் இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அதோடு நின்றிருந்தால் அவரும் இஸ்குவாவும் ஒரே கட்சி. அடுத்த குறளில்தான் அவர் வேறுபடுகிறார்: ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும்; தனித்தனியே சென்ற மூவரின் சொல்லும் ஒத்திருந்தால் மட்டுமே நம்பலாம். சோதிப்பவரைச் சோதிப்பது பாதி வேலை. அவர்கள் ஒரே பந்தியில் உண்பவர்களாக இல்லாதிருக்கச் செய்வது மீதிப் பாதி. இன்றைய ஏணியில் முதல் பாதி விமரிசையாக நடக்கிறது, இரண்டாம் பாதி காணாமல் போயிருக்கிறது.

இரண்டாம் பாதி நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பாரும் உளர். அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே ஜாயின்ட் கமிஷன் சான்று தந்த மருத்துவமனைகளில் சிலவற்றை அரசு தேர்ந்தெடுத்து, 60 நாள்களுக்குள் மாநில அரசின் ஆய்வாளர்களை அனுப்பி மறுபடியும் சோதித்து வந்திருக்கிறது. முதலில் சென்றவர் காணாததை இரண்டாமவர் எத்தனை இடங்களில் கண்டார் என்ற கணக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. வள்ளுவர் சொன்னதற்கு வெகு அருகில் வரும் ஏற்பாடு அது.

இங்கிலாந்தில் சி.க்யூ.சி. என்னும் ஆணையம் மருத்துவமனை ஆய்வு அறிக்கைகளை எவரும் படிக்கும்படி முழுமையாக வெளியிடுகிறது. 2024இல் அந்த ஆணையத்தையே ஒரு தனி மதிப்பாய்வுக்கு உட்படுத்தினார்கள். மருத்துவமனைக்குள் அதுவரை காலடி வைத்திராத ஆய்வாளர்களும் அங்கே இருந்தது வெளிவந்தது. மானம் போகிறதே என்று அந்த அறிக்கையைப் பூட்டிவைக்கவில்லை, வெளியிட்டார்கள். நலவாழ்வுத் துறை அமைச்சரே ஆணையம் தன் பணிக்குத் தகுதியற்ற நிலையில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். இங்கோ நம் கைக்கு வந்து சேர்வது சான்றிதழும் பத்திரிகைச் செய்தியும்தான். பாராட்டு விழா மேடைக்கு வருகிறது. மதிப்பீட்டாளர் சுட்டிய குறைகள் அலமாரிக்குப் போகின்றன.

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறோம்.

'எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும், சோதிப்பவரைச் சோதிப்பவரைச் சோதிப்பவர் என்று முடிவில்லாமல் போகலாமா' என்பது ஒன்று. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்துகிற இடம் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்க வேண்டும். மேலே இயற்கையின் சாட்சி இல்லாத ஏணிக்கு ஊராரின் கண்தான் சாட்சி.

'இதெல்லாம் பாமரருக்குப் புரியாது' என்பது இரண்டாவது. பிளாங்க் மாறிலி மல்லாட்டை விற்பவருக்கும் தெரியாதுதான். ஆனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் கூடம் அதிரக் கேட்கிறாரே! மருத்துவமனையில் அவர் கேட்காததற்குக் காரணம் தராசின் முள் சுவருக்குப் பின்னால் இருப்பது.

மூன்றாவது மறுப்பைத்தான் நாம் மதிக்கிறோம். குறைகளை அம்பலப்படுத்தினால் செவிலியரும் மருத்துவரும் தவறுகளை ஒளிப்பார்கள் என்பது அது. உண்மை. ஒரு செவிலியர் தாமே முன்வந்து சொன்ன பிழை இரகசியமாகவே காக்கப்பட வேண்டும். அவரைத் தெருவில் நிறுத்தச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த நியாயத்தை டப்ளின் அமைப்பு டெல்லி வாரியத்தைப் பற்றி எழுதிய அறிக்கைக்கும் போர்த்துவது தகாது. தவறுசெய்த ஊழியருக்கு வேண்டிய பாதுகாப்பை, அதிகாரம் செலுத்தும் நிறுவனம் தனக்கும் கேட்பது என்ன நியாயம்?

*

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் கோயிலில் பதினோராம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரசோழன் என்ற ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் என்று அதில் எழுதியிருக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், செவிலியர் ஆகியோரின் ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. அந்நாளில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், கோயிலுக்குள் விடப்பட்டவர் எத்தனை பேர் என்ற கேள்விகள் நமக்கும் உண்டு. பொற்காலம் பாட நாம் வரவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இருக்க வேண்டியது இன்னின்ன என்று கல்லில் வெட்டிவைத்தால், இல்லாதபோது 'எங்கே?' என்று கேட்க வழி பிறக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. என்.ஏ.பி.எச்., என்.க்யூ.ஏ.எஸ்., தேசிய மருத்துவ ஆணையம் ஆகியவற்றை வெளிநாட்டு அமைப்புகள் மதிப்பிட்டு எழுதிய அறிக்கைகள் முழுமையாக வெளியிடப்படட்டும். அவற்றின் சுருக்கம் தமிழிலும் வரட்டும். சான்று பெற்ற மருத்துவமனைகளில் சிலவற்றை ஆண்டுதோறும் குலுக்கலில் எடுத்து, முதல் குழுவோடு எவ்விதத் தொடர்புமில்லாத இரண்டாம் குழு அறிவிப்பின்றிச் சோதிக்கட்டும். இரு குழுக்களின் முடிவுகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு சட்டமன்றத்தின் முன் வைக்கப்படட்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்பின் மதிப்பீட்டாளர்கள் மீது வழக்குப் பதிவானால், அங்கீகாரம் தந்த அமைப்பு பத்தாண்டு முடியக் காத்திராமல் அன்றே மறு ஆய்வைத் தொடங்கட்டும். முண்டியம்பாக்கத்திலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் வாசலில் ஒரு பலகை வைத்து, கடைசியாக மதிப்பிட்டவர் யார், எப்போது, அவர் கண்ட குறைகள் எவை, எத்தனை சரிசெய்யப்பட்டன என்று எழுதட்டும்.

பலகைக்கு ஆகும் செலவு ஒரு பாராட்டு விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அதை வைக்கத் தயங்குகிறவர்கள் தயக்கத்தின் காரணத்தை நமக்குச் சொல்லட்டும்.