காலிக் குப்பி

ஓய்வு பெற்றவன் அரசாங்க விதிகளைப் பற்றி எழுதினால், வேலையில் இருந்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்த விஷயத்தில் நானும் குற்றவாளி என்பதால்தான் எழுதுகிறேன்.

2007 என்று நினைவு. கொள்முதல் பிரிவில் என் மேஜைக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கோப்பு வந்தது. 'ரீகாம்பினன்ட் ஹ்யூமன் ஹெர்-2 ரிசெப்டர் புரோட்டீன், 50 மைக்ரோகிராம்'. பிரெஞ்சில் படித்த எனக்கு 'ரெசெப்தேர்' என்றால் வானொலிப் பெட்டியும் தொலைபேசியின் காதுக்குழலும்தான். ரேடியோ சாமானுக்கு எதற்கு ஐஸ் பெட்டி என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

விலை முப்பதாயிரம் ரூபாய். பென்சிலை எடுத்தேன். அந்தக் கணக்கில் ஒரு கிராம் அறுபது கோடி! அன்றைக்குத் தங்கமே கிராம் ஆயிரத்துக்கு முன்னே பின்னேதான். கோப்பில் குறிப்பு எழுதினேன்: 'இன்னொரு நிறுவனம் இதே பெயருள்ள பொருளைப் பாதி விலைக்குத் தருகிறது. அதை ஏன் வாங்கவில்லை என விளக்கம் பெறலாம்.' விதிப்படி சரியான குறிப்பு. அதிகாரி பாராட்டவும் செய்தார்.

விளக்கம் கொடுக்க ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நேரில் வந்தாள். மலிவானது பாக்டீரியாவுக்குள் செய்தது, அவளுக்கு வேண்டியது வளர்ப்பில் உள்ள மனித செல்லுக்குள் மரபணுவைச் செலுத்திச் செய்தது என்றாள். நம் உடலில் இந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்குமாம். சாதாரண பாக்டீரியாவுக்கு அதை ஒட்டத் தெரியாது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. இதைக் கேட்டு, எழுதி, மேலே அனுப்பி, திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று.

ஒருவழியாகச் சரக்கு வந்தது. சரிபார்க்க வேண்டியவர் பண்டகக் காப்பாளர். பெட்டியைப் பிரித்தார், குப்பியைத் திறந்தார், உள்ளே ஒன்றுமில்லை. கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. 'காலிக் குப்பி பெறப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்.

ஒரு அரிசிமணி சுமார் 20 மில்லிகிராம். 50 மைக்ரோகிராம் என்பது அதில் நானூறில் ஒரு பங்கு. உறையவைத்து உலர்த்திய அந்தப் பொடி கண்ணுக்கே தெரியாது, மூடியில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் திறக்கும் முன் குப்பியைச் சுழற்றி அடியில் இறக்குவார்களாம். நாங்கள் தட்டிக் கொட்டியது முப்பதாயிரம் ரூபாயையும் அந்தப் பெண்ணின் அரை வருஷத்தையும். அவள் சத்தம் போடவில்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் தங்கைக்கு மார்பில் கட்டி. பரிசோதனை அறிக்கையில் 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்றிருந்தது. மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். செல்லின் மேல்சவ்வில் நின்று 'பெருகு' என்ற செய்தியை உள்ளே அனுப்பும் ஏற்பி இது. அளவுக்கு மேல் இருந்தால் செல் நிற்காமல் பெருகும். ஐந்தில் ஒரு மார்பகப் புற்றில் இப்படியாம். இதைப் பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்படிப்பட்ட மருந்து சரியான இடத்தில் போய் ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் குப்பிப் புரதம். தங்கைக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்த நாட்களில் என் பழைய குறிப்பு நினைவுக்கு வந்தபடி இருந்தது.

விதி இல்லாவிட்டால் கொள்ளை போகும் என்பார்கள் என் பழைய சகாக்கள். மேஜை நாற்காலிக்கு அது சரி. 2025-இல் மத்திய அரசு, ஆராய்ச்சிப் பொருட்களை விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியது. நல்லது, ஆனால் போதாது. எங்கள் குப்பியைக் கெடுத்தது வரம்பா என்ன? ஒரே பெயர் இருந்தால் ஒரே பொருள் என்று நினைத்த நான், கண்ணில் படாவிட்டால் இல்லை என்று எழுதிய அவர், இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்த முறை. எந்தச் சரக்கு வேண்டும் என்பதில் ஆராய்ச்சியாளரின் சொல்லே முடிவாக இருக்கட்டும். குமாஸ்தா ரசீதையும் பணத்தையும் பார்த்தால் போதும். பெட்டி ஆய்வகத்தில்தான் பிரிக்கப்பட வேண்டும்; பெற்றதாகக் கையெழுத்திட வேண்டியவரும் அங்கே இருப்பவரே. அதுவரைக்கும் ஒவ்வொரு பண்டக அறையிலும் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை மாட்டி வைக்கலாம்: 'உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. திறக்காதீர்கள்.'