மடியில் ஒரு பெட்டி

"மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். லாப நஷ்டம் தெரிஞ்சவன். ஒரு பொட்டி வாங்கணும், கூட வா" என்றார் மாமா.

விழிதியூரில் என் பட்டத்துக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான். பொட்டி வாங்கத் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

பெட்டி, பணம் வைக்க அல்ல, நாயனம் வைக்க. மாமா நாற்பது வருஷமாக வாசிக்கிறவர். கருவி அவருடைய அப்பா கையிலிருந்து வந்தது. அதற்கு இத்தனை நாளும் உறை, அத்தையின் பழைய புடவையில் தைத்த ஒரு நீளப் பை. போன வைகாசியில் ஒரு வெளியூர் முகூர்த்தத்துக்குப் போகும்போது, குறுக்கே வந்த ஆட்டுக்குட்டிக்காக பஸ் டிரைவர் பிரேக் போட்டார். ஆட்டுக்குட்டி பிழைத்தது. மேல்தட்டிலிருந்த நாயனம் விழுந்தது. அணசில் விரிசல்! (நாயனத்தின் அடியில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்குமே, அதுதான் அணசு.)

அன்றிலிருந்து மாமா வெளியூர்க் கல்யாணம் எதற்கும் அச்சாரம் வாங்குவதில்லை. கேட்டால், "வயசாச்சுப்பா" என்பார். வயசு இல்லை, பயம். அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். உள்ளூர் வாசிப்பை மட்டும் நம்பினால் வருஷத்தில் பாதி நாள் அடுப்புக்குச் சுருதி சேராது.

முதலில் வைத்தியம். காரைக்காலில் பஸ் பிடித்து, மயிலாடுதுறையில் மாறி, கும்பகோணம் சாலையில் நரசிங்கம்பேட்டையில் இறங்கினோம். நாயனம் பிறக்கிற ஊர் அது. 2022-ல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாமாவுக்கு அந்தக் குறியீடெல்லாம் தெரியாது. ஆசாரி வீட்டுத் திண்ணை தெரியும்.

ஆசாரி விரிசலைப் பார்த்தார். "நல்லவேளை, உலவு தப்பிச்சுது. அணசை மாத்திடலாம். உலவு போயிருந்தா இந்த மரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

உலவு என்பது நடுக்குழல். ஆச்சா மரத்தில் கடைவது. அதுவும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் என்று பல பத்து வருஷம் காய்ந்து அடங்கிய கட்டைதான் வேண்டும். அப்படி ஒரு வீட்டைத் தாங்கிய மரம்தான் அப்புறம் கல்யாணி பாடுகிறது!

கல்லூரியில் எனக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். எந்தப் பொருளானாலும் வருஷா வருஷம் மதிப்புக் குறையுமாம். நாயனத்தைப் பார்க்காதவர் எழுதிய புத்தகம் போலிருக்கிறது. இது வாசிக்க வாசிக்கக் கூடுகிற சொத்து ஸார்!

அடுத்து, பெட்டிப் படலம்.

மாமாவின் மருமகன் பிரான்ஸில் இருக்கிறார். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சீமை என்பதால் காரைக்கால் பக்கம் இது அதிசயமில்லை. விஷயம் கேள்விப்பட்டு, லீவில் வரும்போது ஒரு பெட்டியே கொண்டுவந்துவிட்டார். கறுப்பு நிறம், உள்ளே வெல்வெட், நாலு பூட்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் அக்குளில் பையை இடுக்கிக்கொண்டு ஊதுவார்களே, அந்த பேக்பைப் வாத்தியத்துக்கான பெட்டி. "அதுவும் ஊதற வாத்தியம், இதுவும் ஊதற வாத்தியம்" என்பது மருமகனின் தர்க்கம்.

அந்த வாத்தியம் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. நம் பழைய சதிர்க் கச்சேரிகளில் சுருதிக்கு ஊதிய துத்தியும் ஒரு தோல்பைதான். நமது ராணுவ பாண்டுகளில் ஸ்காட்லாந்து ரகத்தை இன்றைக்கும் வாசிக்கிறார்கள். ஆனால் பெட்டி விஷயத்தில் ஒரு சிக்கல். பேக்பைப்பில் பையை மடக்கலாம். குழல்களைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். அதனால் அதன் பெட்டி குட்டையாக, சூட்கேஸ் மாதிரி இருக்கும். நாயனத்தில் சீவாளி கழலும், கெண்டை கழலும், அணசு கழலும். உலவு மட்டும் ஒரே கட்டை. மாமாவுடையது பாரி நாயனம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் மேடையைப் பிடித்த நீளமான ரகம். குட்டையான திமிரியாக இருந்தாலாவது யோசிக்கலாம். பெட்டிக்குள் பாரியைச் சாய்த்துப் பார்த்தோம், குறுக்கே வைத்துப் பார்த்தோம். ஒரு சாண் வெளியே நின்றது. அத்தை அந்தப் பெட்டியில் இப்போது பட்டுப்புடவை வைத்திருக்கிறாள்.

என் யோசனை, நாலு அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போடுவது. லாரி ஏறினாலும் தாங்கும், விலையும் சல்லிசு. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கக்கூஸ் கொழாய்க்குள்ளயா எங்கப்பாவ வைப்ப?"

அதற்குப் பிறகு நான் விலையைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் நரசிங்கம்பேட்டை ஆசாரி சொன்னபடியே செய்தோம். அளவு, உலவின் நீளத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம். உள்ளூர்த் தச்சர் பிளைவுட்டில் அடித்தார். உள்ளே நுரை மெத்தை. அதை உலவின் வடிவத்துக்குக் குடைந்து, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்குப் பொருத்தினார். அணசுக்குத் தனி அறை. சீவாளிகளுக்குத் துளை போட்ட ஒரு தனி டப்பா. நாணல் தட்டையில் செய்கிற சீவாளி மூச்சு முட்டினால் பூசணம் பிடிக்கும். காரைக்காலில் ரெக்சின் உறையும் தோள்பட்டையும் தைத்தோம்.

"பொட்டிய நம்பி அசந்துடாதீங்க" என்றும் ஆசாரி சொல்லியிருந்தார். வாசித்து முடித்த சூட்டோடு பூட்டக்கூடாது. ஊதிய ஈரத்தைத் துடைத்து, ஆறவிட்டு வைக்கணும். பஸ்ஸில் எஞ்சின் பக்கம், வெயில் ஜன்னல், மேல்தட்டு மூன்றும் ஆகாது. மடிதான் நல்ல இடம்.

எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு முகூர்த்த வருமானத்தில் பாதிகூட இல்லை. கணக்கு நேராகிவிட்டது.

போன தை மாதம் மாமா மறுபடி வெளியூர் அச்சாரம் வாங்கினார். கும்பகோணம் கல்யாணம். நானும் துணைக்குப் போனேன். எல்லை தாண்டியதும் சோதனைச் சாவடி. எங்கள் பக்கம் சரக்கு மலிவு என்பது உங்களுக்கே தெரியும். நீளமாக, மெத்தை வைத்த பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு ஒருவர் காரைக்காலிலிருந்து வந்தால் போலீஸ்காரர் என்ன நினைப்பார்?

"பெரியவரே, எத்தனை பாட்டில்?"

மாமா பேசாமல் பெட்டியைத் திறந்தார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். நீட்டிய லத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பழசுங்களா?"

"எங்கப்பா வாசிச்சது."

"மூடுங்க, மூடுங்க. தூசி படப்போவுது" என்றார் அவர்.

பஸ் கிளம்பியது. இரண்டு தடவை டிரைவர் பிரேக் போட்டார். நான்தான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.