முதலில் கை

தண்டுவடக் காயத்துக்குப் புதிய சிகிச்சை என்று செய்தி வந்தால் மறுநாளே வார்டில் ஒரு செல்பேசி நம்மிடம் நீட்டப்படுகிறது. "இதை எங்க பையனுக்குச் செய்ய முடியுமா?" 2023இல் லோசானில் ஆய்வாளர்கள் கூர்தீன், பிளோக் இருவரின் குழு, மூளையில் பதித்த உணரிகளைத் தண்டுவட மின்முனைகளோடு கம்பியில்லாமல் இணைத்து ஒருவரை அவர் நினைத்தபடி நடக்க வைத்தது. அது பெரிய சாதனை. ஆனால் அந்தக் காணொளிகளில் நாம் பார்ப்பதெல்லாம் கால்கள்தான்.

காயம்பட்டவர்கள் கேட்பது வேறு. 2004இல் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன் 681 பேரிடம், எது திரும்பினால் வாழ்க்கை மாறும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டவர்கள் முதலில் சொன்னது கையும் விரலும். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் முதலில் சொன்னது தாம்பத்திய வாழ்வு. நடை இரண்டு பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை. வார்டில் கழுத்துக் காயக்காரர்களோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு இது வியப்பாக இராது: சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க, கதீட்டரைத் தானே செலுத்த, குழந்தையின் கன்னத்தைத் தொட வேண்டும் என்பார்கள்.

அதனால்தான் 2024இல் வெளியான அப்-லிஃப்ட் ஆய்வு நம் மறுவாழ்வுத் துறைக்கு நெருக்கமானது. அறுவை சிகிச்சை இல்லை. கழுத்துத் தோலின் மேல் ஒட்டும் மின்முனைகள் மட்டுமே. உணர்வு நரம்பு வேர்கள் தூண்டப்படுவதால் தண்டுவடம் விழிப்படைகிறது. காயத்தைத் தாண்டி எஞ்சியிருக்கும் சில இழைகளின் மெலிந்த கட்டளையும் தசையைச் சென்றடைகிறது. பங்கேற்ற 60 பேரில் 72 விழுக்காட்டினர் கைவலுவிலும் செயலிலும் முன்னேறினர். அடிபட்டு 34 ஆண்டுகள் ஆனவருக்கும் பலன் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மின்தூண்டல் கருவிக்கு அனுமதி அளித்தது.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு இது. முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்தூண்டல். முழுமையான காயம் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது. பயிற்சியாளர் இல்லாமல் கருவி மட்டும் எதையும் செய்துவிடாது என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

ஆக, அந்தக் கருவி வருவதற்குள் நம் பங்கு என்ன? படுக்கைப்புண்ணோடும் இறுகிய தோளோடும் மடங்கிப்போன விரல்களோடும் வருபவருக்கு எந்த மின்சாரமும் உதவாது. ஆறாம் கழுத்து நரம்பு மட்டத்தில் அடிபட்டவர் மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமே மூடிக்கொள்ளும். அந்தப் பிடிதான் அவருடைய கரண்டி, அவருடைய பேனா. மணிக்கட்டை உயர்த்தி வைத்துக்கொண்டே விரல்களை நீவி விரிக்கும் வழக்கம் அதைப் பறித்துவிடும். விரலை விரிக்கும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கட்டும். அந்தப் பிடிக்கு உதவும் இலேசான இறுக்கம் வேறு, நிரந்தரமாக மடங்கிய விரல் வேறு. இதை வீட்டில் நீவிவிடும் தாயாருக்கும் செய்து காட்ட வேண்டும்.

ஸ்டெம் செல் ஊசிக்கு நிலத்தை விற்கத் துணியும் குடும்பங்களிடம் நாம் கூச்சமின்றிப் பேச வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ ஆய்வுக்கு வெளியே தண்டுவடக் காயத்துக்கு அதைக் கொடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இடம் தரவில்லை. ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் கேட்கவும் கூடாது.

மீண்டும் கைக்கு வருவோம். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் பாடுபட்ட மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. நடை அவருக்குத் திரும்பவே இல்லை. அவருடைய கைகள் வேலை செய்தன.

நம் வெளியேற்றக் குறிப்புகளில் எத்தனை அடி நடந்தார் என்பது தவறாமல் இருக்கிறது. அதே பக்கத்தில் இரு கைகளின் பிடிவலுவையும், விரல்நுனிப் பிடியையும், தானே செய்யும் மூன்று வேலைகளையும் எழுதத் தொடங்குங்கள். நாளை கருவி வரும்போது யாரைக் கூப்பிடுவது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரியும்.