கடற்கரை விடுதியில் தீவிர சிகிச்சைப் பாடம்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் வைத்தியர்களுக்கும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும் கடற்கரை விடுதிகளில் நடத்தப்படும் தொடர் கல்வி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சங்கம் வாய் திறக்க வேண்டும் என்று அங்கத்தவர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் கூடிய செயற்குழு இதைப் பேசி முடிவெடுத்திருக்கிறது. மருந்தோ கருவியோ விற்கும் கம்பனி அறைக்கும் பயணத்துக்கும் பணம் கட்டுகிற எந்த வதிவிடப் பயிற்சிக்கும் சங்கத்தின் பெயரைக் கொடுக்க மாட்டோம், அதில் விரிவுரையாற்ற எமது சார்பில் யாரையும் அனுப்ப மாட்டோம். விடுதியில் இருந்து படிப்பதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. யார் காசில் படிக்கிறோம், யாரை வார்ட்டில் விட்டுவிட்டுப் படிக்கிறோம், விடுதிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற மூன்றையும் கேட்கச் சொல்கிறோம்.

அழைப்பிதழ் எப்படி இருக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெந்தோட்டை அல்லது பாசிக்குடா, வசதியான ஆண்டென்றால் மாலைதீவு. வெள்ளி மாலை வருகை, ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு புறப்பாடு. சனி காலை எட்டரைக்குத் தொடங்கும் அமர்வு, தேநீர் இடைவேளையும் சேர்த்துப் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். பிற்பகல் என்ற கட்டத்துக்குள் ‘ஓய்வு’ என்று ஒரே ஒரு சொல். இரவு கடலோரம் பாபகியூ. துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டணம் இல்லை. அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டு வாசிக்க வேண்டிய எழுத்தில், அனுசரணையாளரின் பெயர். தலைப்பு மட்டும் கனமாக இருக்கும்: செப்சிஸில் புதிய அன்ரிபயோட்டிக்குகள், செயற்கைச் சுவாசத்தில் புதிய போக்குகள்.

‘இரண்டு நாள் அறைக்கும் ஒரு வேளை விருந்துக்கும் விலைபோகிறவர்களா நாங்கள்?’ என்ற கேள்வி உடனே வரும். கேட்பவர்கள் மனதாரத்தான் கேட்கிறார்கள். ஆனால் இதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஓர்லோவ்ஸ்கி, வட்டெஸ்கா இருவரும் 1992இல் ‘செஸ்ட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆஸ்பத்திரியின் வைத்தியர்களை இரண்டு கம்பனிகள் முழுச் செலவையும் ஏற்று உல்லாச விடுதிகளுக்குக் கருத்தரங்குக்கு அழைத்திருந்தன. ஒரு கருத்தரங்கு வெயில் காயும் அமெரிக்கக் கடற்கரைப் பக்கம், மற்றது கரீபியன் தீவில். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர். ஆய்வாளர்கள் அவர்களைப் போவதற்கு முன்பே சந்தித்துப் பேசினார்கள். பெரும்பாலானோர் இந்தப் பயணம் தாங்கள் எழுதும் மருந்தை மாற்றாது என்றே நம்பினார்கள். பிறகு ஆஸ்பத்திரி மருந்தகக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முதல் மருந்தின் பாவனை சராசரி 81 அலகிலிருந்து 272 ஆகவும், இரண்டாவது 34இலிருந்து 87 ஆகவும் ஏறியிருந்தது.

அந்த இருபது பேரும் கெட்டவர்கள் இல்லை, எங்களைப் போன்றவர்கள்தான். தங்கள் மனம் மாறியது அவர்களுக்கே தெரியவில்லை. ஆகவே ‘என்னை யாரும் வாங்க முடியாது’ என்ற வாக்குறுதியைச் சங்கம் ஒரு பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிதீவிர சிகிச்சையில் இது இன்னும் பாரதூரமானது. அங்கே படுத்திருப்பவருக்கு மருந்தைத் தெரிவு செய்ய வாயில்லை, விலை கேட்கவும் முடியாது. தனியார் ஆஸ்பத்திரியானால் பில் குடும்பத்தின் தலையில் விழும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கைவசம் இல்லாவிட்டால் துண்டைக் கையில் கொடுத்து வெளியே வாங்கி வரச் சொல்வதை 2022 நெருக்கடியில் நாடே பார்த்தது.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் கருத்தரங்குக்குப் போகும் வைத்தியரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் கம்பனிப் பணத்தை ஏற்கக்கூடாது என்று 1990இலேயே சொல்லிவிட்டது. ஐரோப்பியக் கருவி உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பான மெட்டெக் யூரோப், தனி வைத்தியரைத் தெரிந்தெடுத்து மாநாட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை 2018 ஜனவரியோடு தன் அங்கத்துவக் கம்பனிகளுக்கு நிறுத்தியது. பக்கத்து இந்தியாவில் 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் தன் நெறிமுறையில் பரிசு, பயணம், உபசாரம் மூன்றையும் தடுத்தது. வைத்தியர்களுக்கு இப்படிக் கொடுத்ததைக் கம்பனிகள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் அபெக்ஸ் லெபோரட்டரீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிக்கோவை, தொடர் மருத்துவக் கல்வியை வெளிநாட்டில் வைத்து நடத்தக்கூடாது என்றது. இடையில் 2023 ஓகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கடுமையான விதிகளைக் கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்று வாரத்துக்குள் நிறுத்தி வைத்ததையும் சொல்லத்தான் வேண்டும். விதி எழுதுவது சுலபம், தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

இலங்கைக்கு இது வெளியிலிருந்து வந்த பாடமும் இல்லை. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைப் பற்றி வைத்தியருக்குச் சொல்லிக்கொடுப்பது விற்பனையாளரின் வேலையாக இருக்கக்கூடாது என்பதற்காகவும் பாடுபட்டவர். அவருடைய மாணவர்களின் மாணவர்கள் இன்று பெந்தோட்டையில் மருந்துக் கம்பனி ரெப் நீட்டும் பையை வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறார்கள்.

பணத்தை விட்டுவிட்டுப் பாடத்துக்கு வருவோம். வெப்பமண்டலக் கடற்கரைக்குப் போகிற தீவிர சிகிச்சைப் பயிற்சியில் வெப்பமண்டல நோய் எவ்வளவு இருக்கிறது? கையில் கிடைத்த நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகளின் சுருக்கம். எங்கள் கட்டில்களில் கிடப்பவர்கள் வேறு. 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்குவில் உயிரைத் தீர்மானிப்பது விலையுயர்ந்த மருந்து ஏதும் இல்லை. குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் யார் கட்டிலடியில் நிற்கிறார் என்பதுதான். பராமரிப்புத் திரவமும் உடல் நிறையின் ஐந்து வீதமும் என்று எங்கள் தேசிய வழிகாட்டி ஓர் உச்ச அளவை வைத்திருக்கிறது. அதற்குள் நின்றுகொண்டு, சலம் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிலீற்றரை விட்டு இறங்குகிறதா, பி.சி.வி. (குருதியில் செங்கலங்களின் வீதம்) ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து ட்ரிப்பைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். கூடினால் நுரையீரலில் நீர் கட்டும், குறைந்தால் அதிர்ச்சி நிலை. இரவு இரண்டு மணிக்கு இந்தக் கணக்கைச் சாட்டில் எழுதுபவர் ஒரு தாதி. ‘சேர், பி.சி.வி. நாற்பத்தேழு, சலம் இருபதுதான் வந்திருக்கு’ என்று அவர் போனில் சொல்லும் அந்த ஒரு வசனத்தில்தான் நோயாளியின் விதி இருக்கிறது. அவருக்கு அழைப்பிதழ் வந்ததில்லை.

பாம்புக்கடியும் அப்படித்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் காயம்கூடத் தெரியாது. விடியும்போது இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். குழாய் போட்டுச் செயற்கைச் சுவாசத்தில் நாட்கணக்கில் வைத்திருந்தால் எழுந்து வீட்டுக்குப் போவார். நாங்கள் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்யப்பட்டது. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறு விரியனின் கடிக்கு அதில் மருந்தே இல்லை. அலரி விதை அரைத்துக் குடித்தவரின் இதயத் துடிப்பை எப்படித் திருப்புவது என்று லான்செட் இதழ் வழியாக 2000இலும் பிறகும் சொல்லிக்கொடுத்தது இலங்கை வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வுகள்தான். உலகம் எங்களிடம் படிக்க வரவேண்டிய பாடங்கள் இவை. அவற்றை விட்டுவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரிகளில் இல்லாத கருவியின் புதிய மொடலைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போகிறோம்.

இனி, வார்ட்டில் விடப்பட்டவர்கள். 2020இல் வெளியான ஆசிய நாடுகளின் ஒப்பீட்டில் இலங்கைக்கு ஒரு லட்சம் பேருக்கு 2.3 தீவிர சிகிச்சைக் கட்டில்கள், சிங்கப்பூருக்கு 11.4. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் தொகையாக வெளிநாடு போய்விட்டார்கள். எஞ்சியவர்களில் ஒரு வைத்தியர் வெள்ளிக்கிழமை புறப்பட்டால் இன்னொருவர் இரண்டு டியூட்டியைச் சேர்த்துச் செய்கிறார். கொழும்பிலாவது ஆள் பிடிக்கலாம். வவுனியாவிலோ மன்னாரிலோ மாற்று என்று ஒருவரும் இல்லை. ஆகவே அங்கிருந்து யாரும் வருவதும் இல்லை. மிகவும் தேவைப்படுகிறவர் எப்போதும் டியூட்டியில் நிற்பதும், ஏற்கெனவே நாலு மாநாடு பார்த்தவர் ஐந்தாவதற்குப் போவதும்தான் நடைமுறை. விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழிலும் சிங்களத்திலும் தொழிலைப் பழகிய தாதியர் மண்டபத்துக்குள் வந்தாலும் பாதிதான் பெறுகிறார்கள். கட்டுவிரியன் கடித்தவரைப் பராமரிப்பது பற்றி மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழில் ஒரு நாள் வகுப்பு வைக்க என்ன தடை? செலவு குறைவு என்பதால் அனுசரணையாளருக்கு அதில் ஆசை இல்லை, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் செயற்குழு கேட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். மரணத்தை நாளாந்தம் பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு இருக்கக் கிடைக்காதவர்கள். ‘குடும்பத்தோடு இரண்டு நாள் கடலைப் பார்ப்பதில் என்ன பாவம்?’ என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். பாவம் எதுவும் இல்லை. ஓய்வு அவர்களின் உரிமை, அதைத் தர வேண்டியது சுகாதார அமைச்சும் தனியார் ஆஸ்பத்திரி நிர்வாகங்களும். லீவு கொடுக்க மறுக்கும் நிர்வாகம், கம்பனி கொடுக்கும் ஓய்வுக்குப் ‘படிப்பு’ என்று பெயர் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் ஏற்க முடியாது. சொந்தக் காசில், சொந்த லீவில், காலையில் நாலு மணித்தியாலம் பாடம் கேட்டுவிட்டு மாலையில் நீந்தப் போகிறவரைக் கேட்க எமக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

விடுதியில்தான் நடத்துவோம் என்பவர்களுக்கு நாம் ஒரு நிபந்தனை வைக்கிறோம். பாசிக்குடாவிலிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை கூப்பிடு தூரம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஒரு மணித்தியாலம் கூடத் தேவையில்லை. நிலாவெளிக்குப் பக்கத்தில் திருகோணமலை, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பலப்பிட்டிய. ‘ஓய்வு’ என்று எழுதிய அந்தப் பிற்பகலை அங்கே கொடுங்கள். கொழும்பிலிருந்து போகிற நிபுணர் அந்த ஆஸ்பத்திரிச் சிஸ்டரோடும் மெடிக்கல் ஒபீசரோடும் கட்டில் கட்டிலாக நடந்து வரட்டும், அவர்களிடம் உள்ள பழைய வென்டிலேட்டரில் செய்து காட்டட்டும். காலை அமர்வில் உள்ளூர் தாதியருக்குக் கட்டணமில்லாமல் இடம் ஒதுக்கட்டும். இதைச் செய்கிற நிகழ்ச்சி ஐந்து நட்சத்திர விடுதியில் நடந்தாலும் சங்கம் துணை நிற்கும். செய்யாத நிகழ்ச்சி கொள்ளுப்பிட்டி காலி வீதி ஹோட்டல் மண்டபத்தில் நடந்தாலும் எமக்கு அது வேண்டாம்.

ஒரு விடயத்தில் செயற்குழு ஒத்துப்போகவில்லை, அதை மறைக்காமல் சொல்கிறோம். கம்பனிப் பணத்தை, யார் வருவது, யார் பேசுவது என்று கம்பனி தீர்மானிக்க முடியாத ஒரு பொது நிதியில் வாங்கலாமா? சிலர் வாங்கலாம், வெளி மாவட்டத் தாதியரின் பயணத்துக்கு வேறு எங்கே போவது என்றார்கள். சிலர் வாசலைத் திறந்தால் விருந்தாளி உள்ளே வந்துவிடுவார் என்றார்கள். இப்போதைக்கு வாங்குவதில்லை என்பதே பெரும்பான்மை. ஒரு வருடம் கழித்து மறுபடி பேசுவோம். அதுவரை சங்கத்தின் பயிற்சிகள் அங்கத்தவர் சந்தாவிலும் ஆஸ்பத்திரி மண்டபங்களிலும் நடக்கும். மதியச் சாப்பாடு பார்சல்தான்.

தொடர் கல்விப் புள்ளி வழங்கும் தொழில்சார் அமைப்புகளிடம் நாம் கேட்பது, மண்டபத்தில் உட்கார்ந்த மணித்தியாலத்துக்கு மட்டும் புள்ளி கொடுங்கள், யார் பணம் கட்டினார்கள் என்பதைச் சான்றிதழிலேயே அச்சிடுங்கள் என்பதாகும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் சுகாதார அமைச்சும், வைத்தியரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் கம்பனிகள் செலவிடுவது பற்றிய தெளிவான விதியைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகள் தங்கள் கன்சல்டன்ட்மார் ஏற்ற அனுசரணைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அங்கத்தவர்களிடம் கேட்பது சிறியது. அடுத்த அழைப்பிதழ் வரும்போது பதில் போடுவதற்கு முன், அறைக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பனி என்று பதில் வந்தால், ‘எங்கள் வார்ட்டுக்கு வந்து தாதியருக்குச் சொல்லிக்கொடுங்கள், நானும் இருந்து கேட்கிறேன்’ என்று திருப்பி எழுதுங்கள்.