'முடிந்தது' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

"கம்ப்யூட்டர் கம்பெனியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" நமது கிளைக் கூட்டங்களில் சில தோழர்கள் இப்படிக் கேட்கிறார்கள்.

சம்பந்தம் உண்டு, தோழர்களே! ஆலையில் சைடு பார்க்கிற உங்களுக்கு ஹேங்க் மீட்டரைத் தெரியும். அதே மீட்டரை இன்று மென்பொருள் எழுதுகிற இளைஞனின் மேஜையிலும் மாட்டியிருக்கிறார்கள். 'அஜைல்' என்ற முறையின் பெயரால் இது நடக்கிறது.

அந்த முறை என்ன? பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு. முன்பு சுவரில் ஒட்டிய காகிதச் சீட்டு, இன்று 'ஜிரா' போன்ற மென்பொருள்களில் திரையில் தெரிகிறது. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று பத்திகள். சீட்டின் கடினத்துக்கு ஏற்பப் புள்ளி போடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் ஒரு தவணை. அதற்குள் சீட்டுகளை 'முடிந்தது' பத்திக்கு நகர்த்தி மூட வேண்டும்.

"இங்கே மேஸ்திரி இல்லை, கங்காணி இல்லை, தொழிலாளியே தன் வேலையைத் தீர்மானிக்கிறான்" என்று முதலாளிகளின் பிரசாரகர்கள் பெருமை பேசுகிறார்கள். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதை மறுக்க நாம் தயாரில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் அஜைல் பிரகடனத்தை வெளியிட்டார்கள். கருவிகளைவிட மனிதர்களுக்கு மதிப்பு அதிகம் என்றார்கள். சோர்ந்து விழாமல் என்றும் தொடரக்கூடிய வேகத்தில்தான் வேலை நடக்க வேண்டும் என்றார்கள். அஜைல் வகைகளில் ஒன்றான 'ஸ்க்ரம்' முறையின் விதி இன்னும் தெளிவானது. எது முடிந்த வேலை என்பதற்கு முன்கூட்டியே வரையறை வேண்டும். அதற்கு எட்டாத வேலையை முடிந்ததாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த விதியோடு நமக்குச் சண்டை இல்லை. விதியை நடத்துகிற கை யாருடையது என்பதுதான் நமது கேள்வி.

நமது ஆலைத் தோழர் ஒருவரின் மகன் இப்படிப்பட்ட கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். அவன் நம்மிடம் சொன்னதைக் கேளுங்கள். தவணையின் கடைசி நாள் மாலை. பரிசோதனை இன்னும் முடியவில்லை. "கிளையண்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், எல்லாச் சீட்டையும் மூடு" என்று மேலாளர் உத்தரவு போடுகிறார். இவன் மூடுகிறான். திங்கட்கிழமை அதே குறை புதுச் சீட்டாக முளைக்கிறது. தவறு செய்தவன் என்று அதில் இவன் பெயர்! அதைச் சரிசெய்ய இரவில் விழித்த மணிகளுக்குச் சீட்டும் இல்லை, கூலியும் இல்லை.

அதோடு முடிந்ததா? இந்தத் தவணையில் 30 புள்ளி மூடிய குழு அடுத்த தவணையில் 35 மூட வேண்டும். 35 மூடினால் 40. பக்கத்துக் குழுவோடு ஒப்பிட்டு விரட்டுகிறார்கள். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை வைத்தே ஆளை வெளியேற்றுகிறார்கள். புள்ளி முறையைத் தாமே தொடங்கி வைத்திருக்கக்கூடும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாக ரான் ஜெஃப்ரீஸ் 2019-ல் எழுதினார். மேற்சொன்ன பிரகடனத்தில் கையெழுத்திட்ட 17 பேரில் அவரும் ஒருவர்!

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிதா? நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று மண் வெட்டியது நீங்கள். அளந்தது வேறொருவர். "அளவு குறைகிறது" என்று அறிவித்த கூலியில் வெட்டு விழுந்தபோது, அந்த அளவை எதிர்த்துக் கேட்க உங்களுக்கு எந்த ஏட்டில் இடம் இருந்தது? வேலை செய்கிறவன் ஒருவன், முடிந்தது என்று எழுதுகிறவன் இன்னொருவன். வயலிலும் ஆலையிலும் கம்ப்யூட்டர் அறையிலும் இதே கதைதான்.

குறை இருக்க, குறை இல்லை என்று ஏட்டை மூடினால் பொதுமக்களும் பலியாகிறார்கள். பிரிட்டிஷ் தபால் நிறுவனத்தின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருளில் பிழை இருந்தது. இல்லவே இல்லை என்று நிர்வாகம் சாதித்தது. 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்ட கிளைத் தபாலகப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

எதிர்க்க முடியாதா? முடியும். 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வார்ப்புத் தொழிலாளிகள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்க ஆயுதசாலைகளில் ஸ்டாப்வாட்சுக்கு அந்நாட்டு நாடாளுமன்றமே பின்னர் தடை போட நேர்ந்தது. நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று 2016-ல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் துணிவும் ஒற்றுமையும் வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. எது முடிந்த வேலை என்பதைச் செய்கிறவர்களே தீர்மானிக்கட்டும். பரிசோதனை முடியாத சீட்டை மூடும்படி யாரும் உத்தரவிடக் கூடாது. மறுவேலைக்கும் இரவு வேலைக்கும் சீட்டு வேண்டும், கூலி வேண்டும். மூடிய சீட்டின் எண்ணிக்கையைக் காட்டி ஒருவரையும் வேலைநீக்கம் செய்யக் கூடாது.

ஆலைத் தோழர்களே! உங்கள் பிள்ளைகள் அந்த அறைகளில் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். "எங்களுக்கு எதற்குச் சங்கம்?" என்று அவர்களில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது ஹேங்க் மீட்டரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். சங்கக் கொடியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்!