தலைக்கட்டு வரியும் லட்சம் வியூஸும்

"நாட்டுப்புறப் பாட்டுக்கெல்லாம் மார்க்கெட் இல்லப்பா. இருந்தா வித்திருக்காதா?"

இந்த டயலாக்கை ஆபீஸ் கேண்டீன்லயும் கேட்டாச்சு, நண்பர்களோட பதிவுகள்லயும் படிச்சாச்சு. சொல்றவங்க எல்லாரும் நல்லவங்கதான். பாட்டு பிடிக்காதவங்களும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் பறையாட்ட வீடியோவை நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்றவங்கதான். ஆனா ஒரு கலைஞரோட மதிப்பு என்னன்னு பேச்சு வந்தா மட்டும் உடனே கால்குலேட்டரை எடுத்துடறாங்க. எத்தனை கேசட் வித்துது, எத்தனை சிடி போச்சு, யூட்யூப்ல எத்தனை வியூஸ்? இந்தக் கணக்கே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல கேசட் காலத்துக்குப் போவோம். விக்காதுன்னு சொல்றதே பொய். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் குரலையும் புஷ்பவனம் குப்புசாமி குரலையும் டீக்கடைகளும் டவுன் பஸ்களும் கோயில் மைக்செட்டுகளும் எத்தனை வருஷம் போட்டுத் தேய்ச்சிருக்கும்! வித்துதா இல்லையாங்கறது கேள்வியே இல்லை. வித்த காசு யார் கைக்குப் போச்சுங்கறதுதான் கேள்வி.

சட்டத்தைப் பாருங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல பாட்டு எழுதினவருக்கு உரிமை உண்டு, மெட்டுப் போட்டவருக்கு உண்டு, ஒலிப்பதிவு செஞ்சவங்களுக்கு உண்டு. பாடினவருக்கு? 1994 திருத்தம் வர்ற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. வியாபாரமா பயன்படுத்தினா பாடினவருக்கும் ராயல்டியில பங்கு உண்டுன்னு எழுதி வெச்சது 2012 திருத்தத்துலதான்.

சரி, சினிமாப் பாட்டுன்னா எழுதினவர், இசையமைச்சவர்னு யாராவது சண்டை போடவாவது இருப்பாங்க. நாத்து நடும்போது பாடற பாட்டை எழுதினது யாரு? ஊரு. ஊரு பேருக்கு யாருங்க செக் எழுதுவா? ஆக, ஒரு நாட்டுப்புற கேசட்டுல உரிமை உறுதியா இருந்தது பதிவு பண்ணின கம்பெனிக்கு மட்டும்தான். பாடினவருக்கு அன்னைக்குப் பேசின தொகை, அதோட சரி. அதுக்கப்புறம் பத்தாயிரம் வித்தா என்ன, பத்து லட்சம் வித்தா என்ன?

"அதெல்லாம் அந்தக் காலம், இப்ப இன்டர்நெட் வந்து எல்லாத்தையும் ஜனநாயகமாக்கிடுச்சு"ன்னு அடுத்த குரூப் வரும். நானே அந்தத் துறையிலதான் சோறு திங்கறேன், அதனால சொல்றேன். 2024-ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு விதி. 12 மாசத்துல 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கணக்கே கிடையாது. ஒரு பாட்டியோட ஒப்பாரியை 900 தடவை ஜனங்க கேட்டு அழுதிருக்கலாம். சிஸ்டத்துல அது பூஜ்யம்.

சரி, ஓடின பாட்டுக்காவது காசு வந்துதா? 2021-ல வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' ஞாபகம் இருக்கா? அது சுத்தமான நாட்டுப்புறப் பாட்டு இல்லைதான். ஆனா ஒப்பாரியும், தேயிலைத் தோட்டத்துல உழைச்ச பாட்டன் பூட்டன் நினைவும் சேர்ந்து பிறந்த பாட்டு. கோடிக்கணக்குல வியூஸ். மூணு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் வெளிப்படையா ஒண்ணு சொன்னார். அந்தப் பாட்டால தனக்கும் தீக்கும் அறிவுக்கும் ஒரு ரூபாய்கூட வரலைன்னு. படிச்சவங்க, சினிமாவுல பேர் எடுத்தவங்க, வக்கீல் வெச்சுக் கேக்கக்கூடியவங்க. அவங்க நிலைமையே இதுன்னா, தேனி பக்கம் உறுமி அடிக்கறவர் எந்த டாஷ்போர்டைப் போய்ப் பார்ப்பார்?

அப்ப இந்தக் கலைஞர்கள் இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டாங்க? ரெக்கார்டு வித்து இல்லைங்க. நேர்ல பாடித்தான்.

திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு பார்த்திருக்கீங்களா? வில்லு, குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. நாலஞ்சு பேர். முன்னாடி பாயில உக்காந்திருக்கற ஊர் ஜனம். எதிர்ல இருக்கற முகத்தைப் பார்த்துத்தான் கதையை நீட்டறதா சுருக்கறதான்னு புலவர் முடிவு பண்றார். அந்த ஊர் ஆளோட பேரை எடுத்துக் கதைக்குள்ள விடுவார், கூட்டம் சிரிக்கும். சாமி பிறந்த கதை வர்ற கட்டத்துல யாருக்காவது அருள் வரும், தாளம் அதுக்கேத்த மாதிரி ஏறும். ராத்திரி முழுக்க ஓடற இந்தக் கதையை ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம்னு கேசட்டுல அடைச்சா வர்றது வில்லுப்பாட்டா? அது வில்லுப்பாட்டோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோ எத்தனை காப்பி போச்சுன்னு எண்ணி ஆளை எடை போடலாமா?

இன்னொரு முக்கியமான விஷயம். அந்தக் கூட்டத்துல டிக்கெட் கிடையாது. ஆனா அது இலவசமும் கிடையாது! கொடைக்கு முன்னாடியே தலைக்கட்டு வரி வசூல் ஆயிடும். வீட்டுக்கு இவ்வளவுன்னு ஊர் கூடி முடிவு பண்ணி, அதுல இருந்துதான் பந்தல், பூ, மேளம், வில்லு எல்லாத்துக்கும் காசு. கேக்கப் போறவங்களே முன்கூட்டி ஒண்ணா சேர்ந்து பணம் போடறது. க்ரவுட் ஃபண்டிங்குன்னு நாம என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசறோமே, அதேதான் :-)

உடனே "பழைய முறையே பொற்காலம்"னு கொடி பிடிக்கறேன்னு நினைக்காதீங்க. அதே ஊர் முறைதான் பறையடிக்கறவரை சாவு வீட்டு வாசல்ல நிக்க வெச்சுது, அடிமைத் தொழிலா அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துச்சு. இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்னு பல ஊர்ல பறையைக் கீழ வெச்சாங்களே, நூத்துக்கு நூறு நியாயம். அதனால வசூல் முறையை எடுத்துக்குவோம், நடத்தின முறையைக் குப்பையில போடுவோம். முன்பணம், சரியான கூலி, உக்கார நாற்காலி, எல்லாரோடயும் ஒரே பந்தியில சாப்பாடு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது கலையை வளர்க்கறது ஆகாது.

நகரத்துல நாம என்ன பண்றோம்? நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில ஆண்டு விழா. டிஜேவுக்கு ஒரு மாசம் முன்னாடியே முழுப்பணம். கரகாட்டக் குழுவுக்கு? "ஆயிரம் பேர் பார்ப்பாங்க, உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்"னு பேரம். வேனுக்கு டீசல் எக்ஸ்போஷர்லயா ஓடும்?

"அரசாங்கம்தான் சென்னை சங்கமம் நடத்துதே"ம்பாங்க. நல்ல விஷயம், மறுக்கலை. 2007-ல ஆரம்பிச்சு பூங்காவுக்கும் தெருவுக்கும் கலைஞர்களைக் கூட்டி வந்தாங்க. 2011-க்கு அப்புறம் நின்னுது. 2023-ல மறுபடி வந்துது. ஆனா அது பொங்கலை ஒட்டின சில நாள். ஆட்சி மாறினா நிக்கக்கூடியதை நம்பி ஒரு குடும்பம் வருஷம் பூரா அடுப்பெரிக்க முடியுமா? 2020, 2021 ரெண்டு வருஷமும் கொரோனாவுல திருவிழா நின்னப்ப இந்தக் குடும்பங்கள் என்ன பாடுபட்டுதுன்னு கொஞ்சம் யோசிங்க. சீசனுக்கு அப்பால அவங்களுக்கு மேடையே இல்லைங்கறதுதான் பிரச்சினை.

என்னோட கணக்கு ரொம்ப சிம்பிள். 100 வீடு இருக்கற ஒரு அபார்ட்மெண்ட். வீட்டுக்கு 300 ரூபாய், ஒரு பீட்சாவுக்குக் கம்மி. மொத்தம் 30,000. ஆடி, தை இல்லாத ஒரு மாசத்துல, மொட்டை மாடியில, ராட்சச ஸ்பீக்கர் இல்லாம, ஒரு குழுவை ரெண்டு மணி நேரம் பாட வைங்க. எதிர்லயே உக்காந்து கேளுங்க. மாடிப்படி பக்கத்துல ஒரு மேசை போட்டு அவங்க பாட்டை பென் டிரைவ்ல அவங்களே விக்கட்டும், பணம் நேரா அவங்க ஜிபேவுக்கே போகட்டும். பதிவோட உரிமை பாடினவங்க பேர்ல இருக்கணும். நாம ரெக்கார்ட் பண்ணி நம்ம சேனல்ல ஏத்தற சோலியே வேண்டாம். இப்படி வித்தா 40 காப்பி போனாலும் அது நிஜமான விற்பனை. ஏன்னா 40-க்கும் காசு பாடினவங்க கைக்கு வந்திருக்கும்.

அதனால மகாஜனங்களே, அடுத்த தடவை "மார்க்கெட் இல்லை"ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போன வருஷம் நீங்க எந்த நாட்டுப்புறக் கலைஞருக்கு, நேர்ல, கையில, எவ்வளவு குடுத்தீங்க? தொகையைப் பின்னூட்டத்துல போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க. வாங்கிக்கறேன் :-)

டிஸ்கி: லைக், ஷேர் எல்லாம் தொகையில சேராது.