டியூஷனுக்கு மட்டும் லீவு கிடையாது

டிசம்பர் பிறந்தால் போதும், நம் வயதுக்காரர்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் மாதிரி வருமாடே?" என்று ஆரம்பிப்பார். உடனே துபாயிலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவர், இங்கே மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் என்று உருகத் தொடங்குவார்கள். மூங்கிலைப் பிளந்து சீவி, நூல் சுற்றி, மைதாப் பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம். உள்ளே மெழுகுவர்த்தி வைத்ததில் காற்றடித்து அது எரிந்துபோன கதை குழித்துறைப் பக்கம் வீட்டுக்கு ஒன்று உண்டு. ரப்பர் தோட்டத்து வழியே பனியில் கேரல் பாடிப் போனது, முந்திரிக்கொத்து, நடுச்சாமப் பூசையில் தூங்கி விழுந்தது. நானும் உருகுகிறவன்தான்.

ஆனால் உருகி முடித்தபிறகு ஒன்று சொல்லுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பிள்ளை எங்கே இருந்தான்?

எனக்குத் தெரியும், டியூஷனில் இருந்தான். எட்டாம் வகுப்பு வரைக்கும் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒன்பதிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். பத்து வந்தால் பொதுத்தேர்வு, பதினொன்று வந்தால் நீட். கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து பிரித்து 2014 டிசம்பர் 22-இல் குழித்துறைக்கென்று தனி மறைமாவட்டம் தந்தபோது நமக்கு எவ்வளவு பெருமை! ஆயர் வந்தார், திரித்துவபுரத்தில் பேராலயம் ஆயிற்று. பிள்ளைகளை அனுப்பவேண்டிய வேலை மட்டும் நம்முடையது. அதைத்தான் செய்யவில்லை.

நம் ஞாபகங்களில் ஒரு வசதியான மறதி இருக்கிறது. நட்சத்திரம் கட்டியது வருஷத்துக்கு ஒரு தடவை. சாயங்கால செபமாலை தினசரி நடந்தது, அதைப் பற்றி யாரும் உருகுவதில்லை. சிமெண்டுத் தரையில் பாய் விரித்து முழங்கால் போடவேண்டும். மாதா பிரார்த்தனை வருவதற்குள் கடைக்குட்டி சாய்ந்துவிடும். அம்மா செபத்தை நிறுத்தாமலே கையை மட்டும் நீட்டித் தொடையில் கிள்ளுவாள். எல்லாம் முடிந்தபிறகு கருத்துகள் சொல்லும் நேரம் வரும். கப்பலுக்குப் போன சித்தப்பாவுக்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கும் அடுத்த வீட்டு அக்காவுக்காக, விலை இறங்கிப்போன ரப்பருக்காக, சொசைட்டிக் கடனுக்காக. அப்பா இன்னதற்குப் பயப்படுகிறார் என்பது எங்களுக்கு அந்தப் பாயில்தான் தெரிந்தது. அந்தப் பயத்தை அவர் யாரிடம் கொண்டுபோய் வைக்கிறார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. பிரசங்கம் எதுவும் இல்லாமல் நமக்குக் கிடைத்த விசுவாசம் அது. இன்றைக்கு நமக்குக் கடன் குறைவா, பயம் குறைவா? அதை நாம் எங்கே இறக்கி வைக்கிறோம் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். செல்போனில் என்பார்கள், அல்லது அவர்கள் அம்மாவின் தலையில் என்பார்கள்.

இளமைக்கால இனிப்பு மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது என்பதற்கு நம் பக்கத்து ஊர்க்காரரே சாட்சி. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் பிள்ளைக்கு நட்சத்திரம் கட்டிய ஞாபகமோ கேரல் பாடிய ஞாபகமோ கிடையாது. வசதியான இந்துக் குடும்பம், திருவிதாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகம். மாடு செத்து, பயிர் கெட்டு, மனம் ஒடிந்து நின்றவரிடம் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய்; 1741 குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்டு, பிறகு அவரிடமே படைத்தளபதியான டச்சுக் கம்பெனிக்காரர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனபோது அவருக்கு வயது 33. பிறகு சிறை, சவுக்கடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம். 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாம் வெடி போட்டோம், பிளக்ஸ் வைத்தோம். சரி. மாடு செத்த அன்றைக்கு அவருக்கு யோபுவைச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். உங்கள் மகளுக்கு நீட் கிடைக்காமல் போகிற அன்றைக்கு யார் சொல்வார்? சொன்னாலும், யோபு யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா?

"கட்டாயப்படுத்தக் கூடாது, வளர்ந்து அவர்களே தீர்மானிக்கட்டும்" என்று சிலர் சொல்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இயற்பியல் டியூஷன் வேண்டுமா வேண்டாமா என்று அவன் தீர்மானித்தானா? தடுப்பூசியை அவளிடம் கேட்டுத்தான் போட்டீர்களா? எது அவசியம் என்று நினைக்கிறோமோ அதில் நாம் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பதே இல்லை. ஆகவே இது சுதந்திரம் பற்றிய பேச்சே அல்ல. மறைக்கல்வி அவசியமில்லை என்று நமக்குள் முடிவாகிவிட்டது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

ஆடி அமாவாசையன்று குழித்துறை ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். விடியுமுன்னே நம் இந்துச் சகோதரர்கள் குடும்பத்தோடு வந்து தாமிரபரணியில் முங்கி, முன்னோருக்குப் பலி இடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டு நிற்கும். "இருட்டில் எதற்குப் பிள்ளையை எழுப்பினாய், நாளைக்கு ஸ்கூல் இருக்கே" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தத் திருநாள் என்றால் வாவுபலிப் பொருட்காட்சி ராட்டினம்தான். அது அவர்கள் தப்பல்ல. ஆனால் கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோக நம் வீட்டில் எத்தனை பேரை எழுப்பினோம்?

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிஷனரிகள் கோயிலோடு பள்ளிக்கூடமும் கட்டியதால்தான் இந்த ஜில்லா இப்படிப் படித்திருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றை விடு என்று அவர்கள் சொன்னதில்லை.

ஞாயிறு காலை வகுப்பு டியூஷன் மாஸ்டர் வைத்த சட்டமல்ல. பெற்றோர் சம்மதித்ததால் நடக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து போய் மத்தியானத்துக்கு மாற்றச் சொன்னால் மாற்றாமல் இருக்க மாட்டார், ஃபீஸ் கட்டுவது நாம்தானே. சாயங்காலம் எட்டு மணிக்கு டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டு உட்காருவது இன்னும் சுலபம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். செபமாலை முழுவதும் முடியாவிட்டால் ஒரு பத்து மணியாவது சொல்லுங்கள், கடைசியில் உங்கள் கடனையும் பயத்தையும் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிச் செபியுங்கள். மாஸ்டரிடம் பேச முன்னால் நான் வருகிறேன். வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் நிற்பேன்; கூட ஒன்பது பேர் வேண்டும்.